கொல்லை ஷெட்டுக்குக் கரண்ட்: மண்ணை மூடும் முன்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், அதற்கு மண்ணுக்கடியில் கேபிள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒயரிங் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான், மிகவும் பயந்த வேலையும் இதுதான். சுவரில் ஓடும் ஒயரில் தப்பு இருந்தால் என்றாவது கண்ணில் படும். மண்ணுக்குள் போனது படாது. ஆகவே ஐந்து கடிதங்களுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். முதல் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி ஷெட் கட்டியிருக்கிறேன். மரவேலைக்கு 1,500 வாட் ரம்பம், 2 குதிரைத்திறன் கம்ப்ரஸர், விளக்கு, மின்விசிறி இவ்வளவுதான் அங்கே. தெரிந்தவர் ஒருவர் 2.5 ஸ்கொயர் எம்.எம். கேபிள் போதும் என்கிறார். பள்ளம் தோண்ட ஆள் சொல்லியாகிவிட்டது. வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: பள்ளம் தோண்டும் ஆளை ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

உங்கள் சப்ளை 230 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ரம்பம் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். கம்ப்ரஸர் ஓடும்போது சுமார் 10. விளக்கு, விசிறி, அவ்வப்போது சொருகும் சின்னச் சின்ன சாமான்களுக்கு 3 வைத்தால் மொத்தம் 20 ஆம்பியர். இந்த 20 ஆம்பியரை 2.5 கேபிள் (கம்பியின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்) தாங்குமா என்று மட்டும் கேட்டால், தாங்கும். உங்கள் நண்பர் அந்தக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் 40 மீட்டர் தூரத்தை அவர் சேர்க்கவில்லை.

கேபிள் நீள நீள வோல்டேஜ் குறையும். செம்புக் கேபிள் வேலை செய்து சூடான நிலையில், போகும் கம்பி வரும் கம்பி இரண்டையும் சேர்த்து, 2.5 ஸ்கொயர் எம்.எம். அளவில் ஒரு மீட்டருக்கு ஒரு ஆம்பியருக்குச் சுமார் 18 மில்லிவோல்ட் போய்விடும். 4 என்றால் 11, 6 என்றால் 7.3, 10 என்றால் 4.4. இப்போது பெருக்கிப் பாருங்கள். 20 ஆம்பியர், 40 மீட்டர், 18 மில்லிவோல்ட்: 14.4 வோல்ட். அதாவது நூற்றுக்கு ஆறுக்கு மேல் வழியிலேயே போயிற்று. 6 ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு 6 வோல்ட்டுக்கும் கீழே, நூற்றுக்கு இரண்டரை. நான் எப்போதும் 3 சதவீதத்துக்குள் நிறுத்தப் பார்ப்பேன்.

கம்ப்ரஸர் இருப்பதால் இன்னொன்றும் உண்டு. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும் கரண்ட்டைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். 60 ஆம்பியர் என்று வையுங்கள். 2.5 கேபிளில் அந்த நேரம் 40 வோல்ட்டுக்கு மேல் விழும். மோட்டாரின் கிளப்பும் பலம் வோல்டேஜின் வர்க்கத்தோடு போவது, ஆகவே 230 என்பது 187 ஆனால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தொட்டியில் பாதிக் காற்று இருக்கும்போது கம்ப்ரஸர் மறுபடி கிளம்பப் பார்த்து, உறுமிக்கொண்டு நின்றுவிடும். மோட்டாருக்குள் சுற்றிய கம்பியான வைண்டிங் சூடாகும், வார்னிஷ் வாடை வரும். மோட்டார் கெட்டது என்று மாற்றுவார்கள். புதிய மோட்டாரும் அதே மாதிரி உறுமும். இப்படி இரண்டு மோட்டார் மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. மோட்டாரில் கோளாறே இல்லை, மண்ணுக்குள் கிடந்த கேபிள் ஒல்லி.

அதனால் 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு. நாளைக்கு வெல்டிங் மெஷினோ இன்னொரு மோட்டாரோ வரும் என்று தோன்றினால் இன்றைக்கே 10. கேபிளின் விலை வித்தியாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், பள்ளத்தை இரண்டாம் முறை தோண்டுவது யாருக்கும் பிடிக்காத வேலை. அலுமினியம் மலிவு என்று சொல்வார்கள். போடலாம், ஆனால் செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் குறுக்குவெட்டு வேண்டும், முனைகளில் அதற்கான லக்கும் (கம்பி முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகக் காது) சரியான அழுத்தமும் வேண்டும். இவ்வளவு சின்ன வேலைக்கு நான் செம்பைத்தான் சொல்வேன்.

கேபிள் வகை, ஆர்மர்டு. உள்ளே கம்பிகள், அதன் மேல் உறை, அதைச் சுற்றி எஃகுக் கம்பிகளின் பின்னல் போன்ற கவசம், அதற்கும் மேல் கறுப்பு உறை. மூன்று கோர், அதாவது உள்ளே மூன்று கம்பி உள்ளதாக வாங்குங்கள்: பேஸ் (கரண்ட் வரும் கம்பி), நியூட்ரல் (அது திரும்பும் கம்பி), எர்த் (பழுதில் கரண்ட்டைக் கடத்தும் பாதுகாப்புக் கம்பி). கவசத்தையே எர்த்தாக வைத்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. எனக்கு எர்த்துக்குத் தனிக் கோர் இருந்தால்தான் தூக்கம் வரும். அதோடு கவசத்தையும் கிளாண்டு (கேபிள் முனையைப் பெட்டியோடு இறுக்கும் உலோகப் பிடி) மூலம் எர்த்தில் சேர்த்துவிட வேண்டும். காரணம் எளிது. என்றைக்காவது ஒரு கடப்பாரை இறங்கினால், அது பேஸ் கம்பியைத் தொடும் முன் எர்த் ஆன கவசத்தைத் தொடும். பேஸையும் தொட்ட கணமே வீட்டில் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானே அணையும் சுவிட்ச்) விழும்.

அப்புறம் பாதை. ஷெட்டுக்குக் குறுக்கே மிகக் குறுகிய வழியைத் தேடாதீர்கள். சுவருக்கு இணையாகப் போய், ஒரே ஒரு இடத்தில் திரும்பி, நேராக ஷெட்டுக்குப் போகும் பாதை நல்லது. பத்து வருஷம் கழித்து வருபவர் ஊகித்துக் கண்டுபிடிக்கிற பாதையாக இருக்க வேண்டும். பெரிய மரத்தின் வேரடி, கழிவுநீர்த் தொட்டி, பிற்காலத்தில் கட்டடம் வரும் இடம் இவற்றை விட்டு விலகுங்கள். திருப்பத்தில் கேபிளை மடிக்கக் கூடாது, அகலமாக வளைய வேண்டும். கேபிள் விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு ஆரம் வைத்தால் கவலை இல்லை.

ஆழம் 60 சென்டிமீட்டர் என்பது பரவலான வழக்கம். வண்டி ஏறும் இடம் என்றால் இன்னும் ஆழம். உங்கள் பகுதி மின் விதியில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் முடிவு. பள்ளத்தின் அடியில் கல் எல்லாம் பொறுக்கிவிட்டு, ஏழெட்டு சென்டிமீட்டர் சலித்த மணல். கேபிளைப் பாம்பு ஊர்ந்த மாதிரி லேசான நெளிவோடு படுக்க வையுங்கள், இழுத்து விறைப்பாக்க வேண்டாம், மண் இறங்கும்போது அந்த நெளிவுதான் காப்பாற்றும். மேலே மறுபடி அதே அளவு மணல். அதன் மேல் செங்கல்லோ ஓடோ வரிசையாக. பிறகு மண்ணைப் பாதி நிரப்பிவிட்டு, கேபிளுக்கு 30 சென்டிமீட்டர் மேலே எச்சரிக்கை நாடாவை நீளமாக விரியுங்கள். அதில் 'கீழே மின் கேபிள்' என்று எழுதியிருக்கும். தோண்டுபவர் கண்ணில் கேபிளுக்கு முன்னால் நாடா படுவதற்குத்தான் அந்த 30.

நடுவில் ஜாயின்ட் வேண்டாம். 40 மீட்டர் பாதை என்றால் இரு முனையிலும் ஏறும் உயரம், பெட்டிக்குள் போகும் நீளம், ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் சுருள் எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக வாங்குங்கள். வெட்டிய முனையைத் திறந்து போடாதீர்கள், டேப் சுற்றி மூடி வையுங்கள். முனை வழியாக ஈரம் உள்ளே போய்விடும். அதே போல வீட்டுச் சுவரில் கேபிள் நுழையும் ஓட்டை உள்ளிருந்து வெளிப்பக்கம் சற்றே தாழ்வாகச் சரிய வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் கேபிளோடு சேர்ந்து வீட்டுப் பெட்டிக்குள் வரும்.

வீட்டு டி.பி.யில் (கரண்ட் பல பக்கம் பிரியும் பெட்டி) ஷெட்டுக்கென்று தனி எம்.சி.பி., 25 ஆம்பியர், மோட்டார் இருப்பதால், அது கிளம்பும்போது இழுப்பதற்கெல்லாம் விழாத சி வகை. ஷெட்டில் ஒரு சின்னப் பெட்டி. அதில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் ஒரு சுவிட்ச், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, விளக்குக்கும் பிளக்குக்கும் தனித்தனி எம்.சி.பி. ரம்பம் ஓடும்போது பிளக் எம்.சி.பி. விழுந்தால் விளக்கும் சேர்ந்து அணையக் கூடாது. சுற்றும் பிளேடுக்கு முன்னால் திடீரென்று இருட்டில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். ஷெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்று சேர்த்துப் பாலம் போட்டுவிடுகிறார்கள் சிலர். அங்கே சேர்த்தால் நியூட்ரலில் போக வேண்டிய கரண்ட் எர்த் கம்பியிலும் கவசத்திலும் பிரிந்து ஓடும், ஆர்.சி.சி.பி.யும் ஒழுங்காக வேலை செய்யாது.

மூடும் முன் மெக்கர் (கம்பிகளுக்கு நடுவே கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். புதிய கேபிளில் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு மெகா ஓம் காட்டி 'விதிப்படி போதும்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், புதிய கேபிள் அப்படிக் காட்டினால் எங்கேயோ அடிபட்டிருக்கிறது. மண் மூடிய பிறகு மறுபடி ஒரு முறை. முதலில் நன்றாக இருந்து பிறகு இறங்கியிருந்தால் மூடும்போது ஒரு கல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே தோண்டிவிடலாம்.

இதில் எது உங்கள் வேலை? கணக்கு, பாதை, பள்ளம், மணல், நாடா எல்லாம் நீங்களே செய்யலாம். பெட்டிக்குள் கை வைப்பதும் மெக்கர் வைப்பதும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. பள்ளம் திறந்திருக்கும்போதே அவரை ஒரு தடவை வரச் சொல்லிக் காட்டிவிடுங்கள். மூடிய பிறகு வந்தால் அவராலும் எதையும் பார்க்க முடியாது.

கேள்வி: இரண்டு வருஷத்துக்கு முன் பிளாஸ்டிக் பைப்பைப் புதைத்து, அதற்குள் வீட்டுக்குப் போடும் சாதாரண ஒயரையே இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். இப்போது மழை நாளில் ஷெட்டின் இரும்புக் கதவைத் தொட்டால் சுருக்கென்கிறது. பைப் நன்றாக ஒட்டியிருக்கிறது, தண்ணீர் போக வழியில்லை. என்ன காரணமாக இருக்கும்?

பதில்: அம்மா, இதைப் படிக்கும்போதே எழுந்து போய் வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் போகும் எம்.சி.பி.யை அணைத்துவிடுங்கள். யாரும் தெரியாமல் போடாதபடி மேலே ஒரு காகிதம் ஒட்டுங்கள். சுருக் என்பது எச்சரிக்கை. ஈரக் காலோடு, ஈரக் கையோடு தொடும் நாளில் அது சுருக்கோடு நிற்காது.

தண்ணீர் போக வழியில்லை என்கிறீர்கள். ஒட்டிய இடத்தில் கசியவே வேண்டாம். பைப்புக்குள் காற்று இருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது. மண் குளிர்ந்தால் அந்த ஈரம் உள்சுவரில் துளித்துளியாகப் படியும். பகலில் வெதுவெதுப்பான காற்று முனை வழியாக மறுபடி நுழையும், இரவில் மறுபடி படியும். பள்ளமான இடத்தில் அது தேங்கிக்கொண்டே போகும். ஒரு தடவை இப்படிப்பட்ட பைப்பிலிருந்து எட்டு வருஷ ஒயரை இழுத்தேன். முதல் கை இழுப்பிலேயே பைப் வாயிலிருந்து கறுத்த தண்ணீர் என் காலில் கொட்டியது. ஒயரின் மேலுறை ஊறி வெளுத்திருந்தது. ஓர் இடத்தில் நகத்தால் கீறினேன், சிவப்பு உறை வெண்ணெய் போல விலகிற்று. உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடிதான் இருந்தது. அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது, அந்த ஷெட்டில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மண்ணுக்குள் போகும் பைப் என்றாவது நனையும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் போகும் கேபிளும் ஈரத்தில் கிடக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். உங்கள் சாதாரண ஒயர் உலர்ந்த சுவருக்குள் ஓடச் செய்தது. கதவுக்குக் கரண்ட் கசியும் இடம் ஷெட்டின் சுவிட்ச் பெட்டியாகவும் இருக்கலாம், பைப்பாகவும் இருக்கலாம். எலக்ட்ரீஷியன் மெக்கர் வைத்தால் சொல்லிவிடுவார். ஆனால் எதுவாக இருந்தாலும் அந்த ஒயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். உங்கள் எம்.சி.பி. இவ்வளவு நாள் விழவில்லை. அது விழாததால் தப்பில்லை என்று நினைத்திருப்பீர்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும் கருவி. ஒயர் சூடாகும் அளவுக்கு ஆம்பியர் போனால்தான் அது அசையும். மனிதரைக் கொல்ல அவ்வளவெல்லாம் வேண்டாம், ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். ஆர்.சி.சி.பி.தான் பேஸில் போன கரண்ட்டையும் நியூட்ரலில் திரும்பிய கரண்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். அது உங்கள் ஷெட்டில் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. அதுவும் சரியான எர்த்தும் இல்லாமல் அந்த எம்.சி.பி.யை மறுபடி போட வேண்டாம்.

கேள்வி: ஷெட்டுக்குப் பக்கத்திலேயே செம்புத் தண்டு அடித்து எர்த் போட்டுவிட்டேன். அப்படியானால் வீட்டிலிருந்து எர்த் கம்பி தேவையில்லை, இரண்டு கோர் கேபிள் போதும்தானே?

பதில்: இந்தச் சந்தேகம் எலக்ட்ரீஷியன்களுக்கே உண்டு, அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஒற்றைத் தண்டு அடித்தால், மண்ணைப் பொறுத்து, 20 ஓம் கிடைப்பதே நல்ல எர்த். ரம்பத்தின் இரும்பு உடலில் பேஸ் கம்பி பட்டுவிட்டது என்று வையுங்கள். 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் 11.5 ஆம்பியர். உங்கள் 20 ஆம்பியர் எம்.சி.பி. இதை ஏதோ ஒரு மோட்டார் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். ரம்பத்தின் உடல் முழுக்கக் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும்.

அதே பழுது, கேபிளிலேயே வரும் எர்த் கோர் வழியாக வீட்டுக்குத் திரும்பினால் கதை வேறு. 40 மீட்டர் 6 ஸ்கொயர் எம்.எம்., போகவர சுமார் கால் ஓம்தான். வீட்டுக்கு அந்தப் பக்கமும் நல்ல செம்பு வழி இருந்தால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும், எம்.சி.பி. அந்தக் கணமே விழும். தண்டு அடித்தது வீணில்லை, அது இருக்கட்டும். ஆனால் அது கேபிள் எர்த்துக்குப் பதில் ஆகாது. சில சப்ளை முறைகளில் வீட்டு எர்த்தே மண்ணை நம்பித்தான் இருக்கும், அங்கே ஆர்.சி.சி.பி. கட்டாயம். சில முறைகளில் வீட்டு எர்த்தை வெளிக் கட்டடத்துக்குக் கொண்டுபோக நிபந்தனை உண்டு. உங்கள் சப்ளை எந்த முறை என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள்.

கேள்வி: ஷெட்டில் இன்டர்நெட்டும் வேண்டும். அதே பள்ளத்தில் அந்த ஒயரையும் போடலாமா? தண்ணீர்க் குழாய்?

பதில்: பள்ளம் ஒன்றாக இருக்கலாம், பைப் ஒன்றாக இருக்கக் கூடாது. கரண்ட் கேபிள் அடியில், நெட் ஒயர் அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித் தனி பைப்பில். ஃபைபர் (உலோகக் கம்பி இல்லாத கண்ணாடி இழைக் கேபிள்) என்றால் இன்னும் நல்லது. அதில் கரண்ட்டே இல்லை, இடி இடித்தாலும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு எதையும் கொண்டுபோகாது. தண்ணீர்க் குழாயைப் பள்ளத்தின் மறு ஓரத்தில் போடுங்கள், கேபிளுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ வேண்டாம். குழாய் உடைந்தால் தோண்டுகிறவர் அவசரத்தில் தோண்டுவார்.

பள்ளம் திறந்திருக்கும்போதே ஒரு காலி பைப்பையும் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு, இரு வாயையும் அடைத்துவிடுங்கள். என்ன வரப்போகிறது என்று இன்று தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: பழைய வீடு வாங்கியிருக்கிறோம். கொல்லையில் முன்பு ஏதோ கொட்டகை இருந்ததாம், அதற்குக் கேபிள் போயிருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். எங்கே என்று தெரியாது. அங்கேதான் நாங்கள் பள்ளம் தோண்ட வேண்டும்.

பதில்: நான் வேலை கற்றுக்கொண்டிருந்த நாட்களில் என்னோடு இருந்த ஒருவர், 'இங்கே ஒன்றும் இல்லை' என்று வீட்டுக்காரர் சொன்ன இடத்தில் கடப்பாரையை இறக்கினார். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. நீல வெளிச்சம், துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். நல்லவேளையாக ஃபியூஸ் போய்விட்டது. கடப்பாரை நுனியில் நகத்தளவு இரும்பு உருகி ஓடியிருந்தது. அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து, மூடி, விரித்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேபிளை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை.

அதனால் அந்தப் பழைய கேபிளில் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டுப் பெட்டியையும் வெளிச்சுவரையும் பாருங்கள். எங்காவது ஒரு கேபிள் சுவரிலிருந்து மண்ணுக்குள் இறங்குகிறதா, எதற்கென்று தெரியாத எம்.சி.பி. ஏதாவது இருக்கிறதா? கேபிள் தேடும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துப் பாதையை மண்ணில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். மின் வாரியம், தண்ணீர், எரிவாயு, தொலைபேசிக் குழாய்கள் எங்கே போகின்றன என்று அந்தந்த அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தோண்டும் நாளில் மெயினை அணையுங்கள். அப்படியும் தெருவிலிருந்து வரும் கேபிளில் கரண்ட் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். கோட்டுக்கு அருகில் கடப்பாரை வேண்டாம், மண்வெட்டியால் மெல்லச் சீவிச் சீவி எடுக்க வேண்டும்.

கேபிள் அகப்பட்டால் அதை நீங்கள் வெட்ட வேண்டாம். எலக்ட்ரீஷியன் சோதித்து, கரண்ட் இல்லை என்று உறுதி செய்து, இரு முனையையும் கழற்றட்டும். வெளியே எடுக்க முடிந்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் இரு முனையிலும் 'கைவிடப்பட்ட கேபிள்' என்று தேதியோடு அட்டை கட்டுங்கள்.

உங்கள் புதிய பள்ளத்தை மூடும் முன் வீட்டுச் சுவரிலிருந்து அளவு நாடாவை விரித்துப் பிடித்து, இரண்டு மீட்டருக்கு ஒரு போட்டோ எடுங்கள். நாடாவில் எண் தெரிய வேண்டும், பின்னால் சுவரோ தூணோ ஏதாவது நிலையான ஒன்று தெரிய வேண்டும். போனில் வைத்தால் போன் மாறும்போது போய்விடும். அச்செடுத்து டி.பி. பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், உங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருகிறவரும் கரண்ட் வேலை என்றால் முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.